மாப்பிள்ளை அரம் போட்ட சாடில்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒரு நல்ல சேதி. கிட்டார் லேசில் சாகாது. ஆட்டோவிலிருந்து விழுந்தது, புயல் மழையில் ஊறியது, கோபத்தில் சுவரில் மோதியது என்று என் மேஜைக்கு வராத கேஸ் இல்லை. அத்தனையையும் எழுப்பி உட்கார வைத்து அனுப்பியிருக்கிறேன். உயிர் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவது அதைத் தூக்கிவரும் ஆள்தான். அந்த ஆளை முதலில் ஸ்டூலில் உட்கார வையுங்கள். பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்துவிடும்.

நான் இந்தத் தொழிலுக்குக் கொல்லைப்புற வழியாக வந்தவள். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் ஒரு லேபில் தேய்த்து மெருகேற்றுவதுதான் என் முதல் வேலை. புதுச்சேரியில், சாரம் பகுதியில் எங்கள் தெருவிலேயே கிட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர், கை உடைந்து கட்டுப் போட்டிருந்த சமயத்தில், கிட்டார் கம்பியைத் தாங்கும் ஒரு எலும்புத் துண்டை அரத்தால் ராவித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ராவிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், "நாளையிலேர்ந்து இங்க வந்துடும்மா. பல்ல வேற ஆளு பாத்துக்கும்" என்றார்.

அவர் வாயைத் திறந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. அரத்தைக் கையில் எடுக்கும் முன் டீ குடிக்க வேண்டும். வேலை எவ்வளவு அவசரமோ, டீ அவ்வளவு சூடாக இருக்க வேண்டும். சூடான டீயை ஒரே மூச்சில் குடிக்க முடியாது, ஊதி ஊதிக் குடிப்பதற்குள் ஓடிப்போன புத்தி திரும்பி வந்துவிடும் என்பது அவர் கணக்கு. மற்றதெல்லாம் நான் பார்த்தும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டது.

நான்கு தடித்த கம்பிகள் கொண்ட பாஸ் கிட்டாரின் அடிப்பக்கத்தில் பிரிட்ஜ் என்றொரு தகடு இருக்கிறதல்லவா, அதன்மேல் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சாடில். நான் சொல்லப்போவது உருளைச் சாடில். சுண்டுவிரல் நுனி அளவுள்ள பித்தளை. கம்பி அதன்மேல் ஏறி இறங்குகிற இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் ராவுகிறோம். கம்பி பக்கவாட்டில் நழுவாமல் அதில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பள்ளம் கொஞ்சம் தள்ளிப் போனாலும், அதன் சரிவு திசை மாறினாலும் கிட்டார் உடனே காட்டிக் கொடுத்துவிடும். ராவி எடுத்த பித்தளையைத் திரும்ப ஒட்டவும் முடியாது. எப்படி ராவுவது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். அதற்கு அருளின் கல்யாண நாளைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

அது ஒரு சனிக்கிழமை. கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கிட்டார் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்தபடி ஒரு பையன் ஓடி வந்தான். முகத்தில் பேஷியல் பண்ணிய பளபளப்பு, இடுப்பில் சாயம் போன டிராக் பேண்ட்.

"அக்கா, காப்பாத்துங்கக்கா. சாயந்தரம் எனக்குக் கல்யாணம்."

"கல்யாணத்துலேர்ந்து காப்பாத்தணும்னா சாமியார்கிட்ட போப்பா. நான் கிட்டார் ரிப்பேர் பண்றவ."

அவன் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்தான். பார்த்ததும் எனக்கு யாருடைய கிட்டார் என்று தெரிந்துவிட்டது. மாதா கோயில் பாடகர் குழுவில் பாஸ் வாசிக்கும் செலினுடையது. வருஷா வருஷம் கம்பி மாற்ற என்னிடம்தான் வருவாள். வேறு யாரையும் அதைத் தொடவிட மாட்டாள். பெட்டியின் மேல் "தொடாதே" என்று ஸ்டிக்கரே ஒட்டி வைத்திருந்தாள். அந்த ஸ்டிக்கரையும் மீறித் தொட்டிருந்தவன்தான் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற அருள்.

ஸ்டூலில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கதை வெளியே வந்தது. பிரான்ஸில் இருக்கும் செலினின் அண்ணனுக்குக் கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. தங்கைக்குப் பரிசாக நான்கு பித்தளைச் சாடில்களை, ஊருக்கு வந்த ஒருவர் மூலமாக அருளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பள்ளமே இல்லாத வழுவழுப்பான சாடில்கள். வாங்குபவர் தானே ராவிக்கொள்ள வேண்டிய வகை. சாயங்காலம் வரவேற்பில் மணப்பெண்ணே தன் குழுவோடு மேடையில் வாசிக்கப் போகிறாள். அண்ணன் அதை அங்கிருந்து வீடியோ காலில் பார்ப்பார். அதற்குள் சாடிலை மாட்டி, பள்ளம் ராவி, அவளை அசர வைக்கலாம் என்று மாப்பிள்ளைக்கு ஆசை.

"எல்லாரும் என்னைத் தலையாட்டின்னு கிண்டல் பண்ணுவாங்கக்கா. அவங்க சுருதி, தாளம்னு பேசுறப்போ நான் சும்மா தலைய ஆட்டிகினு உக்காந்திருப்பேன். எனக்குத் தெரிஞ்சது இரும்பும் பித்தளையும்தான். தட்டாஞ்சாவடியில லேத்து பட்டறையில வேலை. இது பித்தளைதானே, நம்ம ஏரியாதானேன்னு நெனச்சேன்."

"சரி. என்னா பண்ண?"

"வெர்னியர் வெச்சு அளந்தேன். நாலு பள்ளத்துக்கும் நடுவுல ஒரே தூரம். மயிரிழை பிசகல."

அவன் சொன்னது சத்தியம். அத்தனை துல்லியமாக ஒரு தப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாஸ் கம்பிகள் ஒரே பருமன் இல்லையே! பள்ளங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு ஒரே தூரம் வைத்தால், தடித்த கம்பிகள் இரண்டும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் மாதிரி நெருக்கிக்கொள்ளும். வாசிப்பவரின் விரல் அறிவது கம்பிகளுக்கு நடுவிலுள்ள காலி இடத்தை. போதாததற்குப் பள்ளத்தை முக்கோண அரத்தால் முன்பக்கம், அதாவது கழுத்துப் பக்கம், சரித்து ராவியிருந்தான். கம்பி சாடிலின் முன் விளிம்பிலிருந்து சுத்தமாகக் கிளம்ப வேண்டும். இவனுடைய பள்ளத்தில் அது பின்னாலேயே கிளம்பி, முன் விளிம்பில் உரசிக்கொண்டு போனது. தடித்த கம்பியை மீட்டினேன். கொர்ர்ர் என்றது. பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பழைய சாடில்கள் எங்கே என்று கேட்டேன். அவற்றை எடுக்கும்போது துருப்பிடித்த திருகுகளை உள்ளேயே உடைத்து, அவற்றை உதவாமல் ஆக்கியிருந்தான். இந்த அளவில் புதுச் சாடில் ஊரில் யாரிடமும் கிடையாது. சென்னையிலிருந்து வரவழைக்கக் குறைந்தது இரண்டு நாளாகும். கோயிலில் கல்யாணப் பூசை நான்கு மணிக்கு.

"அவ வாசிக்கலன்னா கல்யாணமே அவளுக்குக் கல்யாணம் மாதிரி இருக்காதுக்கா. ஒரு மாசமா பிராக்டீஸ் பண்றா. நான் கெடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அதை வெளியே காட்டினால் வேலை நடக்காது என்பதால், "மூக்கைச் சிந்திட்டு டீ சொல்லு, ரெண்டு" என்று அதட்டினேன்.

"டீயா? இப்பவா?"

"இப்பதான். கொதிக்கக் கொதிக்க."

அவன் மணியைப் பார்த்துக்கொண்டே தவித்தான். நான் ஊதி ஊதிக் குடித்தேன். பாதிக் கிளாஸில் புத்தி திரும்பி வந்தது. உருளைச் சாடிலில் ஒரு வசதி உண்டு. உயரம் கூட்டிக் குறைக்கும் திருகுகளுக்கான துளை மேலிருந்து கீழ்வரை ஊடுருவிப் போகிறது. சாடிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, திருகை மறுபக்கத்திலிருந்து போட்டால், அடிப்பக்கம் மேற்பக்கமாகிவிடும். கெட்டுப்போன பள்ளம் கீழே ஒளிந்துகொள்ளும். மேலே புத்தம்புது பித்தளை.

சொன்னதும் மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். "கடவுளே! அப்போ அவளுக்குத் தெரியவே தெரியாது இல்ல?"

இந்த இடத்தில்தான் பிள்ளைகளே, நீங்கள் அரத்தை எடுத்துவிடுவீர்கள். வழி தெரிந்துவிட்டது, நேரம் ஓடுகிறது, கை பரபரக்கிறது. என் கையும் பரபரத்தது. ஆனால் சாடிலுக்கு இருப்பது இரண்டு முகம். ஒன்று போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றில் நான் ராவுகிற பள்ளம் செலின் விரலுக்குப் பொருந்தாவிட்டால், மூன்றாவது முகத்துக்கு நான் எங்கே போவேன்? அவள் கட்டைவிரலால் ஓங்கித் தட்டி வாசிப்பவள். அவளுக்கு வேண்டிய இடைவெளி அவள் கைக்குத்தான் தெரியும். உள்ளதைச் சொல்கிறேன், இன்னொரு காரணமும் இருந்தது. கல்யாணத்தன்றே ஒரு பெண்ணிடம் எதையோ மூடி மறைக்கிற காரியத்தில் கூட்டுச் சேர எனக்குப் பிடிக்கவில்லை.

"செலினுக்கு போன் போடு" என்றேன்.

"அக்கா!"

"அவ வந்து கம்பியைத் தொட்டுக் காட்டாம நான் அரத்தைத் தொட மாட்டேன்."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நானா அவளைக் கட்டிக்கப் போறேன்? நீ போடு."

போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"செலின், பார்லர்லயா இருக்க?"

"ஆமா, தலைக்கு சுருள் போட்டுகினு இருக்காங்க. என்னா?"

"ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காத."

அந்தப் பக்கம் ஹேர் டிரையர் சத்தம் நின்றது. "ஏன் இப்டி இழுக்குற? கல்யாணம் இருக்கா இல்லியா?"

"ஐயோ, இருக்கு! கல்யாணம் இருக்கு. உன் பாஸ் கிட்டார்தான்…"

"என் கிட்டாருக்கு என்னா?"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான். அண்ணனின் பரிசு, வெர்னியர், முக்கோண அரம், உடைந்த திருகு எதையும் விடவில்லை.

"கல்யாணம் வேணாம்னு சொல்லியிருந்தாகூட எனக்கு இவ்ளோ ஆத்திரம் வந்திருக்காது" என்றாள் செலின். "அக்கா கடையா? அங்கயே இரு. அசையாத."

பார்லர் பெண் ஸ்கூட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்தாள். தலையில் ஒரு பக்கம் மட்டும் சுருள், ஒரு கண்ணுக்கு மட்டும் மை, பத்து விரலையும் விரித்துப் பிடித்திருந்தாள். நகப்பூச்சு இன்னும் காயவில்லை. உள்ளே வந்ததும் முதல் வார்த்தை அருளுக்குத்தான்.

"அந்தப் பக்கம் திரும்பு. கோயிலுக்கு முன்னாடி மாப்ள பொண்ணைப் பாக்கக் கூடாது."

"செலின், நான் வேணும்னு…"

"திரும்புன்னேன்."

மாட்டியிருந்த கிட்டார்களைப் பார்த்தபடி சுவரோரம் போய் நின்றான். அவன் காதுகள் மட்டும் சிவந்திருந்தது தெரிந்தது.

நான் மூன்று சாடில்களைக் கவிழ்த்துப் பொருத்தினேன். நான்காவதைக் கவிழ்க்கத் தேவைப்படவில்லை. அருள் சன்னக் கம்பியின் பக்கத்திலிருந்து அளக்க ஆரம்பித்திருந்தான். அந்த முதல் பள்ளம் மட்டும் குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியான இடத்திலேயே விழுந்திருந்தது. சரிவுதான் தப்பு. அது கடைசியில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் தீர்ந்துவிடும்.

கம்பிகளை மாட்டி, அந்த மூன்றை மட்டும் வழுவழுப்பான பித்தளையின் மேல் பள்ளமில்லாமல் சும்மா படுக்க வைத்தேன். செலின் கிட்டாரை மடியில் வாங்கினாள். பார்லர் பெண், "அக்கா, நெயில் பாலிஷ்! நெயில் பாலிஷ்!" என்று அலறினாள். செலின் காதில் வாங்கவில்லை. அவள் தட்டத் தட்ட, நான் கம்பியை நகத்தால் இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் தள்ளினேன். "இன்னும் கொஞ்சம்… போதும்… ஐயோ தாண்டிட்டீங்க… ஆங்!" என்ற இடத்தில் பேனாவால் குறித்தேன். அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்திருந்தால் எந்தக் கணக்குக்கும் அது ஒத்து வந்திருக்காது. அவள் கைக்கு ஒத்து வந்தது. கிட்டாரின் கழுத்துப் பக்கம் போய் ஒருமுறை கண்ணால் பார்த்தேன். கம்பிகள் வரிசையாக, அழகாக ஓடின.

பிறகு ராவினேன். அந்த வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குறி சரியாக விழுந்தால் அரம் தானாகப் போகும். மூன்று கம்பிகளும் உட்கார்ந்தன. தடித்த கம்பியை அவள் ஓங்கித் தட்டினாள். அடிவயிற்றில் போய் நிற்கிற மாதிரி ஒரு நாதம். சுவரைப் பார்த்து நின்றவனின் தோள்கள் இரண்டும் இறங்கின.

"எப்டிக்கா இருக்கு?" என்றான், திரும்பாமலே.

"பேசாம நில்லு" என்றோம் நானும் செலினும் ஒரே குரலில்.

மிச்சம் சன்னக் கம்பி. சின்ன உருட்டு அரத்தை எடுத்தேன். செலின் அந்தக் கம்பியை ஒருமுறை மீட்டிப் பார்த்தாள். ஜிர்ர் என்றது. நான் அரத்தை வைக்கப் போனேன். அவள் கை வந்து என் கையின் மேல் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கண்ணில் மை, ஒரு கண்ணில் இல்லை, இரண்டிலும் தண்ணீர். உதட்டில் விரலை வைத்தாள். சுவர்ப் பக்கம் நிற்கிறவனைக் காட்டினாள். பிறகு அந்தச் சாடிலைக் காட்டி, வேண்டாம், இது இப்படியே இருக்கட்டும் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்வானேன், நல்ல கோபம். வாழ்நாள் முழுக்க இந்த இரைச்சலைத் துரத்தி அடித்துத்தான் நான் சோறு தின்றிருக்கிறேன். என் கடையிலிருந்து ஒரு பாஸ், ஜிர்ர் என்ற சத்தத்தோடு, ஊரே கூடியிருக்கும் மண்டபத்துக்கு, வீடியோ காலில் பிரான்ஸ் வரைக்கும் போவதா? இரண்டே இழுப்பு. அவள் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், முடித்துவிடலாம். கைஜாடையில் நானும் சண்டை போட்டேன். அவளும் விடவில்லை. நடுவில் நின்ற பார்லர் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டீ கிளாஸின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆறிப்போயிருந்தது. குடித்தேன். அரத்தைத் துடைத்து டப்பாவில் போட்டேன்.

இதை நான் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நம் தொழிலில் கண்ணும் காதும் கூர்மையாக ஆக ஆக, நமக்கே தெரியாமல் ஒரு திமிர் வந்துவிடுகிறது. தப்பு கண்ணில் பட்டால் திருத்தியே தீர வேண்டும் என்ற வெறி. பெரும்பாலும் அந்த வெறி நல்லதுதான். அது இல்லாதவன் இந்த மேஜைக்கு வர வேண்டாம். ஆனால் கிட்டார் நம்முடையது இல்லை. எடுத்துப் போகிறவருக்கு எது வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்த பிறகு, நம் திறமையை அவர் மேல் திணிக்க நமக்கு உரிமை கிடையாது.

"முடிஞ்சுதாக்கா?" என்றது சுவர்.

"முடிஞ்சுது. அவ போற வரைக்கும் திரும்பாத."

பெட்டியோடு ஸ்கூட்டியில் ஏறினாள். போகும்போது, "கோயிலுக்கு லேட்டா வந்த, அப்புறம் இருக்கு உனக்கு" என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

வரவேற்புக்கு நான் போகாமல் இருப்பேனா? பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மேடைக்குப் பக்கவாட்டில், பிரியாணித் தட்டோடு வசதியான ஒரு நாற்காலியைப் பிடித்துவிட்டேன். கோட்டு சூட்டில் மாப்பிள்ளை பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் போன்; அதற்குள் அண்ணன். வெள்ளை கவுனுக்கு மேல் பாஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு செலின் எழுந்ததும் மண்டபமே விசில் அடித்தது.

தடித்த கம்பியில் ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் அதிர்ந்தன. ஒரு சின்னக் கரகரப்புகூட இல்லை. அருள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டான். நான் கோழிக்காலைத் தூக்கிக் காட்டினேன்.

பாட்டு மேலே ஏறியது. அவள் விரல் சன்னக் கம்பிக்குப் போனது. ஜிர்ர்.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. திகிலோடு என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். மறுபடியும் ஜிர்ர். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். செலின் ஒயரை இழுத்துக்கொண்டு நேராக அவனிடமே போனாள். அவன் முகத்துக்கு முன்னால் நின்று, அந்த ஒரு கம்பியையே திரும்பத் திரும்ப மீட்டினாள். ஜிர்ர், ஜிர்ர், ஜிர்ர். ஒவ்வொரு தடவையும் அவள் சிரிப்பு பெரிதானது. அவன் கண்கள் அவள் முகத்திலிருந்து இறங்கி, பிரிட்ஜின் கடைசியில், அவன் ராவியது ராவியபடியே இருந்த அந்தச் சாடிலில் போய் நின்றன. பையனுக்குப் புரிய எத்தனை நேரம் ஆனது, தெரியுமா? பிரியாணியை விட்டுவிட்டு நான் மேடைக்கே போய்ச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். நல்லவேளை, புரிந்துவிட்டது. கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தான்.

முன்வரிசையில் இருந்த செலினின் சித்தப்பா, விஷயம் தெரிந்தவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கிட்டார்ல ஏதோ கோளாறு போலருக்கே மாப்ள" என்றார்.

"கோளாறு இல்ல சித்தப்பா!" என்று அருள் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "அது நான் அரம் போட்டது!"